நந்தியாவட்டைக்கு வெள்ளை

இந்தக் கதையில் குருவுக்கு இன்னும் முப்பது வயது முடியவில்லை. பெயர் தமயந்தி. தோட்டத்துப் பூக்களை வாட்டர்கலரில் வரையக் கற்றுக்கொடுப்பவர். சீடர் மரியசூசையோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தையே நடுங்க வைத்த மனிதர். பிரஷ்ஷைப் பிடித்தால் இப்போது அவர் கை நடுங்குகிறது.

அன்று மதியம் மலர்க் கண்காட்சியில் அவர் படத்தை மாட்ட வேண்டும். போன வருடம் இதே நந்தியாவட்டையை வெள்ளை பெயிண்ட்டை அப்பி வரைந்து கொடுத்திருந்தார். பார்க்க வந்த ஒருவர், "காலிஃபிளவர் நல்லா வந்திருக்கே சார்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அந்த அவமானம் மனிதருக்கு இன்னும் ஆறவில்லை. இந்த முறையும் கெட்டுப்போனால் பிரஷ்ஷைத் தொடுவதே இல்லை என்று முடிவுகட்டியிருந்தார்.

காலையில் படத்தோடு வந்து நின்றார். அதில் செம்பருத்தி வரைந்து முடிந்திருந்தது. சங்குப்பூவும் ஆயிற்று. நந்தியாவட்டைச் செடியில் கரும்பச்சை இலைகள் மட்டும் அடர்ந்திருந்தன. பூ இருக்க வேண்டிய இடம் வெறும் காகிதம்.

"பூவை ஏன் சார் விட்டுட்டீங்க?"

"பயம் டீச்சர். இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டு, சுத்தி இருக்கிற இலையையே வரைஞ்சுக்கிட்டிருந்தேன். இதழ் ஓரம் வரைக்கும் போவேன், அங்கேயே நின்னுடுவேன். கொஞ்சம் வெள்ளை குடுங்க, எப்படியாவது முடிச்சிடறேன்."

தமயந்தி வெள்ளை கொடுக்கவில்லை. படத்தை வாங்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில் சாய்த்து வைத்தார்.

"வாசப்படிகிட்ட போய் நின்னு பாருங்க சார்."

நேரமாகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

இலைகளுக்கு நடுவே நந்தியாவட்டை வெள்ளைவெளேர் என்று பூத்திருந்தது. இதழ் ஓரம் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. கை நீட்டிப் பறிக்கலாம் போல இருந்தது.

மரியசூசைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். கண்ணும் கலங்கிவிட்டது.

"இனி எவன் காலிஃபிளவர்னு சொல்றான்னு பார்த்துடறேன்" என்றார்.

அதற்கப்புறம்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"டீச்சர், நான் இந்தப் பூவை வரையவே இல்லையே. எப்போ வரைஞ்சேன்?"

தமயந்தி படத்தை எடுத்துக் கண்காட்சிக்கு உறையில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"பயந்துக்கிட்டு இலை வரைஞ்சீங்களே சார், அப்போதான்."