பதினோராவது பெயர்

"கோச், நாம எதுக்கு ஆடறோம்?"

கேட்டவன் தேஹுன். கேட்டது மார்ச் மாதத்தில், தொடர்ந்து மூன்றாவது ஆட்டத்தைத் தோற்றதற்கு மறுநாள் காலை.

கொரியாவின் கிழக்குக் கரையில் ஹேபோ ஒரு சின்னத் துறைமுகம். அந்த ஊர்க் கால்பந்து அணி இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. மைதானம் மீன் சந்தைக்கு மேலே, குன்றின் மீது. காற்று வலுத்தால் கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி தூரம் போய் அவரிடமே திரும்பி வரும். கேலரியில் ஆட்களைவிடக் கடற்பறவைகள் அதிகம்.

கோச் சகோங் கோல் முன்னால் கிடந்த பனியை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க கோச். ஜெயிச்சாலும் யாருக்கும் தெரியப்போறதில்ல, தோத்தாலும் தெரியப்போறதில்ல. பேப்பர்ல நம்ம ஸ்கோரை ஒரு மூலையில பொடி எழுத்துல போட்டிருக்கான்."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்கு."

இன்னொரு விளக்குமாற்றை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

தேஹுன் முதல் பிரிவில் ஆடியவன். அங்கே அவன் பெயரைப் பாட்டாகவே பாடினார்கள். பிறகு முழங்கால் போனது. ஆபரேஷன் முடிந்து எழுந்து வந்தபோது அவன் இடத்தில் வேறொருவன் ஆடிக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டு வயதில் அவனைக் கூப்பிட்டது ஹேபோ மட்டும்தான்.

வந்தான். ஆனால் வந்ததாக அவன் நினைக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நிற்பவன் போல நின்றான்.

அணியில் யாரும் அவனிடம் அதிகம் பேசமாட்டார்கள். அவனும் பேசமாட்டான். பயிற்சிக்குச் சரியான நேரத்துக்கு வருவான். சரியான நேரத்துக்குப் போவான்.

ஜூலையில் மழை பிடித்தது.

அந்த மழையில் ஒரு வெளியூர் ஆட்டம். இடைவேளைக்கு முன்பே ஹேபோ நான்கு கோல் வாங்கிவிட்டது. இரண்டாம் பாதியில் தேஹுன் ஓடுவதை நிறுத்தினான். பந்து பக்கத்தில் வந்தால் காலை நீட்டினான். வராவிட்டால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

கோல்கீப்பர் மோக் மட்டும் கத்திக்கொண்டே இருந்தான். சேற்றில் விழுவான், எழுவான், கத்துவான். ஐந்தாவது கோல் விழவில்லை. நான்கோடு முடிந்தது.

பஸ்ஸில் ஏறும்போது தேஹுன் கோச்சிடம் கேட்டான்.

"நான் சரியா ஆடலன்னு உங்களுக்குத் தெரிஞ்சுது. ஏன் என்னை வெளிய கூப்பிடல?"

"நீதான் அதுக்கு முன்னாடியே வெளிய போயிட்டியே."

கோச் தன் இருக்கையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

தேஹுன் படிக்கட்டிலேயே நின்றான். பின்னால் நனைந்து நின்றவர்கள் அவனை அவசரப்படுத்தவில்லை. அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

அடுத்த வாரப் பயிற்சியில் அவன் முதல் ஆளாக வந்திருந்தான். மோக் அவனைப் பார்த்தான்.

"என்ன, வழி தவறி வந்துட்டியா?"

"பெனால்டி அடிச்சுத் தரேன். பிடிச்சுப் பழகு."

"உன் பெனால்டியையா? எங்கம்மா பிடிப்பாங்க."

அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் ஹேபோ ஒரு ஆட்டம் ஜெயித்தது. செப்டம்பரில் இரண்டு. தேஹுன் கோல் போட்டான். கோல் போடாத நாட்களில் பின்னால் ஓடி வந்து பந்தைப் பறித்தான். மீன் சந்தையில் அவனை நிறுத்தி, போன ஆட்டத்தில் ஏன் இடது காலால் அடித்தாய் என்று சண்டை போட்டார்கள். அட்டவணையில் ஹேபோ கடைசி இடத்திலிருந்து ஒரு படி ஏறியது. ஒரே ஒரு படி. அதற்கே சந்தையில் ஒரு கடைக்காரர் அணி முழுவதற்கும் கணவாய் மீன் வறுத்துப் போட்டார்.

கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தபோது தன்ரிம் அணியின் மேலாளர் இம் அவனைத் தேடி வந்தார்.

தன்ரிம் பெரிய ஊர். பணக்கார அணி. அட்டவணையில் முதலிடம். அந்த லீகில் முதலிடத்தில் முடிக்கிற அணி மட்டும்தான் முதல் பிரிவுக்குப் போகும்.

மதிய வேளை. நூடுல்ஸ் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அடுத்த வருஷம் எங்ககூட வா," என்றார் இம். "முதல் பிரிவுல உன்னை மாதிரி அனுபவம் உள்ள ஆள் எங்களுக்கு வேணும்."

தேஹுனின் கையில் இருந்த குச்சிகள் அப்படியே நின்றன.

"நீங்க மேல போகலைன்னா?"

"மேல போகலைன்னா இந்த வயசுல உன்னை எடுக்க எங்களுக்கு ஒரு காரணமும் இல்ல. உள்ளதைச் சொல்றேன்."

"உங்க கடைசி ஆட்டம் எங்களோடதானே?"

"ஆமா. ஜெயிச்சா மேல போறோம். டிரா ஆனாக்கூட பின்னால இருக்கறவங்க முந்திடுவாங்க." இம் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "நான் உன்கிட்ட எதுவும் கேக்கல. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ."

அவர் எதுவும் கேட்கவில்லைதான். தேஹுனுக்கு அதன்பின் நூடுல்ஸ் இறங்கவில்லை.

மறுநாள் கோச்சின் அறைக்குப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். ஒளிக்கவில்லை.

"என்னை அந்த ஆட்டத்துல உக்கார வெச்சிடுங்க கோச். முழங்கால் வலின்னு சொல்லிடலாம்."

"வலிக்குதா?"

"இல்ல."

கோச் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"நான் எறங்கி நல்லா ஆடினா என் வாழ்க்கை போச்சு. எறங்கி மோசமா ஆடினா..." அவன் நிறுத்தினான். "அப்பவும் போச்சு. எறங்காம இருந்தா யாருக்கும் நஷ்டமில்ல. நமக்கு அந்த ஆட்டத்துல என்ன இருக்கு? ஜெயிச்சாலும் இதே இடம். தோத்தாலும் இதே இடம்."

"அப்படியா?"

"நீங்களே முடிவு பண்ணுங்க. நீங்க உக்காரச் சொன்னா உக்காருவேன். ஆடச் சொன்னா ஆடுவேன். இது என்னால ஆகாது."

கோச் எழுந்து ஜன்னலைத் திறந்தார். கீழே சந்தையின் இரைச்சல் உள்ளே வந்தது.

"முதல் பிரிவுக்குத் திரும்பிப் போகணும்னு ரொம்ப ஆசையா?"

"ஒரு நாளாவது. என் கால்ல நானே நடந்து வெளிய வரணும். போன தடவை ஸ்ட்ரெச்சர்ல வந்தேன்."

"நியாயமான ஆசை," என்றார் கோச்.

உட்காரச் சொல்லவும் இல்லை, ஆடச் சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். தன்ரிம் மைதானம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் சால்வை, மஞ்சள் கொடி, மஞ்சள் முகச்சாயம். கோப்பையைத் தூக்குவதற்கு ஒரு மேடைகூடத் தயாராக இருந்தது. ஒரு மூலையில், ஹேபோவிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்தவர்கள் நீலச் சட்டையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கூடவே ஒரு மேளம்.

உடை மாற்றும் அறையில் கோச் பெயர்களைப் படித்தார்.

"மோக்."

"இருக்கேன்."

ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள். தேஹுன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் வரவில்லை. கோச் காகிதத்தைக் கீழே வைத்தார்.

தேஹுனுக்கு மூச்சு வந்தது.

மோக் விரலை மடக்கி எண்ணினான்.

"கோச், பத்து பேர்தான் வருது."

"ஆமா."

"பதினோராவது யாரு?"

"எனக்குத் தெரியாது," என்றார் கோச். "தெரிஞ்சவங்க சொல்லட்டும்."

யாருக்கும் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள்கூட வாய் திறக்கவில்லை. கதவைத் தட்டி ஒரு அதிகாரி தலையை நீட்டினார்.

"பட்டியல் கொடுக்கணும். நேரமாச்சு."

"ஒரு நிமிஷம்," என்றார் கோச்.

வெளியே அத்தனை ஆயிரம் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். சுவர் அதிர்ந்தது. அந்தக் கூட்டத்துக்குள்ளே எங்கோ ஹேபோ மேளமும் அடித்துக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக் கேட்டால்தான் கேட்கும்.

தேஹுன் கேட்டான்.

எழுந்து நின்றான். பள்ளியில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்கிற மாதிரி நின்றான். கனைத்துக்கொண்டான்.

"பியோ தேஹுன்," என்றான். "இருக்கேன்."

கோச் எழுதிக் கொடுத்தார்.

மைதானத்துக்குள் போகும் வழியில் தேஹுன் அவர் பக்கத்தில் வந்தான்.

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"பத்து பேரோட எறங்கியிருப்போம்."

"கண்டிப்பா தோத்திருப்போமே கோச்."

"ஆமா."

முதல் பாதியில் ஒரு கார்னர் கிக்கில் தன்ரிம் கோல் போட்டது. மைதானம் குதித்தது. முன்வரிசையில் மேலாளர் இம் உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் குதிக்கவில்லை. தேஹுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் கோச் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொடுத்தார்.

இரண்டாம் பாதி பாதிக்கு மேல் போயிருந்தது. தன்ரிம் ஆட்கள் பந்தைத் தங்களுக்குள் தட்டி நேரம் கடத்தினார்கள். அவர்களுடைய பின்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டினான். சாதாரணப் பந்து. எந்த ஃபார்வர்டும் துரத்தாத பந்து. அதை விட்டிருந்தால் யாரும் தேஹுனை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவன் துரத்தினான்.

தட்டிய வேகம் போதவில்லை. கோல்கீப்பர் ஓடி வந்தான். தேஹுன் சறுக்கினான். இருவரும் மோதினார்கள். பந்து ஓரமாக உருண்டது. தேஹுன்தான் முதலில் எழுந்தான். கோல் காலியாக இருந்தது. கோணம் மட்டும் இடுக்கு.

அந்த ஒரு கணத்தில் அவனுக்கு எல்லாம் தெரிந்தது. முதல் பிரிவின் விளக்குகள், அந்தப் புல், அவன் பெயரில் பாடிய பாட்டு. எல்லாம் அந்தக் கோலுக்குள்தான் இருந்தன, உடைவதற்கு.

இடது காலால் அடித்தான்.

இவ்வளவு பெரிய மைதானம் இவ்வளவு அமைதியாக இருக்க முடியும் என்று அவன் அறிந்ததில்லை. பிறகு மூலையிலிருந்து மேளம் கேட்டது. இந்த முறை காதைத் தீட்டத் தேவையில்லை.

அதற்குப் பிறகு தன்ரிம் அலை அலையாக வந்தது. மோக் விழுந்தான், எழுந்தான், கத்தினான். ஹேபோ ஆட்கள் பதினோரு பேரும் தங்கள் கோல் முன்னால் நின்றார்கள். கடைசி நிமிடத்தில் மோக்கைத் தாண்டிப் போன ஒரு பந்தைக் கோல் கோட்டின் மேல் நின்று தலையால் தட்டிவிட்டவன் தேஹுன். தட்டிய வேகத்தில் முழங்கால் கம்பத்தில் இடித்தது. பழைய முழங்கால்.

விசில் ஒலித்தது. ஒன்றுக்கு ஒன்று.

மஞ்சள் சட்டைக்காரர்கள் புல்லில் சரிந்தார்கள். கேலரியில் பெரியவர்கள் குழந்தைகளைப் போல அழுதார்கள். மேடையைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள்.

இம் எல்லைக்கோட்டோரம் வரை வந்தார்.

"நீ என்ன பண்ணினன்னு உனக்குத் தெரியுதா?"

"தெரியுது சார்."

இம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தார்.

மோக் ஓடி வந்து தேஹுனின் முதுகில் ஏறிக்கொண்டான். அவனுக்கு எதுவும் தெரியாது. "தலையால எடுத்தியே, பாவி! எங்கம்மாகூட எடுத்திருக்க மாட்டாங்க!" என்று காதுக்குள் கத்தினான். நீலச் சட்டைகள் கம்பியோரம் வந்து பெயர்களைச் சொல்லிப் பாடின. ஒவ்வொரு பெயரையும். தோற்றுக்கொண்டே இருந்த ஒரு வருடத்தின் முடிவில், கோப்பை வாங்கியவர்கள் மாதிரி பாடின.

தேஹுன் மெல்ல நொண்டிக்கொண்டு கோச்சிடம் வந்தான்.

"அடுத்த வருஷம் எனக்கு முதல் பிரிவு இல்ல கோச்."

"இல்ல."

"இந்த முழங்காலோட இனிமே யாரும் கூப்பிடவும் மாட்டாங்க."

"மாட்டாங்க."

"ஆனா ஒண்ணு. எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரல. ஏன்னு சொல்லுங்க."

கோச் சகோங்குக்கு அறுபது வயது. தன் கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டார். தலைமுடியைச் சரி செய்தார். கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்தார். அத்தனை ஆயிரம் பேர் முன்னிலையில், சின்னவர்கள் பெரியவர்களுக்குச் செய்வது போல, தேஹுனுக்கு முன்னால் இடுப்பு வளைத்து ஆழமாகக் குனிந்தார்.

தேஹுன் பதறிப்போய் அவர் தோள்களைப் பிடித்தான்.

"என்ன பண்றீங்க கோச்? எல்லாரும் பாக்கறாங்க!"

"பாக்கட்டும்னுதான்," என்றார் கோச், நிமிராமலே.