விருந்துக்கு வந்த உண்ணிச்செடி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்தபோது, கடல் கடந்து வந்த வியாபாரி ஒருவன் ஒரு ராஜாவுக்குப் பூச்செடி ஒன்றைக் காணிக்கையாகக் கொடுத்தான். ஒரே கொத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் உண்ணிச்செடி. ராஜா சொக்கிப்போனார். "இது நம் விருந்தாளி. காட்டில் நடுங்கள். இதற்குக் கெடுதல் செய்பவருக்குச் சிறை" என்று முரசறையச் சொன்னார்.

விருந்தாளி சும்மா இருக்கவில்லை. நாலு மழைக்குள் மேய்ச்சல் காட்டையே வளைத்துப் போட்டது. புல் பூண்டு இல்லாமல் போயிற்று. அதன் இலையை ஆடு முகர்ந்துகூடப் பார்க்காது. சுருளாயி என்கிற இடைச்சி, தன் ஆடுகள் எலும்பும் தோலுமாக நிற்பதைப் பொறுக்காமல் ஒரு செடியைப் பிடுங்கி எறிந்தாள். காவலர்கள் அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பூவைப் பாத்தா ஆட்டுக்கு வயிறு நெறையுமா சாமி?" என்றாள் அவள்.

சபையின் விகடகவி சடையாண்டி எழுந்து, "அவளை மன்னித்துவிடுங்கள், மகாராஜா" என்றான். அவன் மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த பிரதானி கோவிந்தப்பர் உடனே குறுக்கிட்டார்.

"பிரபு, இவ்வளவு இரக்கம் உள்ளவர் ஒன்று செய்யட்டும். விருந்தாளிக்கு ஒரு குறையும் வராமல் அந்தக் காட்டில் புல் முளைக்க வைக்கட்டும். தவறினால் அவளோடு இவரும் சிறைக்குப் போகட்டும்."

ராஜா தலையசைத்தார். சுருளாயி அழுதேவிட்டாள்.

"விருந்தாளிக்கு உரிய மரியாதையை நான் செய்யும்போது யாரும் தடுக்கக் கூடாது" என்று மட்டும் கேட்டுக்கொண்டான் சடையாண்டி.

மறுநாள் அரண்மனை வாசலில் மேளச் சத்தம். சுருளாயியின் சனம் முழுவதும் வேர்மண்ணோடு பெயர்த்த செடிகளைப் பல்லக்கிலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வந்தது.

"ராஜ விருந்தாளியைக் காட்டில் வெயிலிலும் மழையிலும் நிறுத்துவது நமக்கு இழுக்கு, மகாராஜா. அதனால் உள்ளே அழைத்து வந்தேன்" என்றான் சடையாண்டி.

காடு காலியாகும் வரை மேளம் ஓயவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு செடிக்கும் இலை போட்டான். பள்ளியறையில் படுக்க வைத்தான். ராஜாவின் பட்டு வேட்டியை முள் கிழித்தது. செடியின் வாடையில் அவருக்குத் தலைவலி வந்தது. கையெல்லாம் கீறலோடு பிரதானி ஓடிவந்தார்.

"பிரபு, என் வீட்டிலும் கட்டில் முழுக்கச் செடி. என் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள்."

"இங்கே இடம் போதவில்லை, மகாராஜா. பிரதானியாருக்குப் பெரிய வீடு" என்றான் சடையாண்டி.

"இந்த விருந்தாளிகளை எப்படி அனுப்புவது?" என்றார் ராஜா.

"போ என்று சொல்வது மரியாதை இல்லை. தாம்பூலம் கொடுத்தால் விருந்தாளி கிளம்பிவிட வேண்டும். அதுதானே நம் வழக்கம்?"

ராஜா தம் கையாலேயே வெற்றிலை பாக்கை எடுத்துச் செடியின் அடியில் வைத்தார். சடையாண்டி செடியிடம் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"விடைபெற்றுக்கொண்டது, மகாராஜா. அடுப்பங்கரை வழியாகப் போனால் பக்கமாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுருளாயியை விடுவித்துவிட்டு, தம் மோதிரத்தைக் கழற்றிச் சடையாண்டியின் விரலில் போட்டார்.

"வேர் மிச்சமிருந்து மறுபடி முளைத்தால்?" என்று கேட்டார் பிரதானி.

"முளைக்கிற ஒவ்வொரு கன்றும் இனி உம் வீட்டு விருந்தாளி" என்றார் ராஜா.

அதற்குப் பிறகு மழை பெய்தால் போதும், பிரதானி காட்டுக்கு ஓடிவிடுவார். குனிந்து குனிந்து ஒவ்வொரு கன்றாக அவர் பிடுங்கிக்கொண்டு போக, பின்னாலேயே சுருளாயியின் ஆடுகள் புல் மேய்ந்துகொண்டு வரும்.