ஒரு வரிக்கு ஓர் ஆதாப்

உருதில் கவிதை எழுதும் ராவுத்தர் என்றால் ராவுத்தர்களும் சிரிப்பார்கள், உருதுக்காரர்களும் சிரிப்பார்கள். நத்தர்ஷா இரண்டு தரப்பின் சிரிப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

திருச்சிப் பக்கத்துக்காரர். வீட்டில் தமிழ். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஆம்பூருக்கு மாற்றலாகி வந்தபோது வயது ஐம்பதை நெருங்கிவிட்டது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், இவர் வளைந்தார். முதலில் எழுத்துக் கற்றார், பிறகு சந்தம் கற்றார், ஓய்வு பெற்ற பிறகு முழுநேரமும் கஜல்தான். அவர் மனைவி இதை ஒரு வியாதியாகக் கருதி, செலவில்லாத வியாதி என்பதால் பொறுத்துக்கொண்டார்.

அவருடைய குரு, அதாவது உஸ்தாத், ஜலீலுத்தீன். சீடரைவிட வயதில் இளையவர். தோல் தொழிற்சாலை மேஸ்திரி ஒருவரின் மகன். ஹைதராபாத் போய்ப் படித்துத் திரும்பி, உள்ளூர்க் கல்லூரியில் உருதுப் பேராசிரியராகி, தென்னாட்டு உருதுச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார். கவிதைத் தொகுதிகளும் போட்டார். வடக்கிலிருந்தெல்லாம் ஆய்வு மாணவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவ்வளவு பெரிய மனிதர் நத்தர்ஷாவோடு தமிழில்தான் பேசுவார். வயதுக்கு மரியாதை கொடுத்து 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்.

உருதுக் கவிதை உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சீடன் தான் எழுதியதை உஸ்தாதிடம் காட்ட வேண்டும். உஸ்தாத் திருத்திக் கொடுப்பார். திருத்திய பிறகு கவிதை முழுக்கச் சீடனுடையது. எந்தச் சொல் யாருடையது என்று இருவருமே வெளியில் மூச்சுவிட மாட்டார்கள். 'இனி உங்களுக்குத் திருத்தம் வேண்டாம்' என்று ஒருநாள் உஸ்தாத் தன் வாயால் சொல்வார். அன்றைக்குச் சீடனுக்கு விடுதலை.

அந்த விடுதலைக்குத்தான் நத்தர்ஷா ஏங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரு கொடியால் வந்தது.

ஆரம்ப நாளில் அவர் எழுதிய ஒரு கவிதையில் இப்படி இருந்தது: 'ஊரையெல்லாம் வண்டியேற்றி அனுப்பிவிட்டேன்; எனக்கு மட்டும் பயணம் இல்லை.' உஸ்தாத் 'எனக்கு' என்பதை அடித்துவிட்டு, 'பச்சைக் கொடி பிடித்த கைக்கு' என்று எழுதினார். அவ்வளவுதான். அந்த வரி பாலாற்றங்கரை முழுக்கப் பரவியது. திருமண மண்டபத்திலும் மளிகைக் கடையிலும், 'கொடி பிடித்த கை வந்துடுச்சு' என்று நத்தர்ஷாவை வரவேற்றார்கள்.

கவியரங்கத்துக்கு முஷாயிரா என்று பெயர். அங்கே ஒரு வரி பிடித்துவிட்டால் சபை சும்மா இருக்காது. 'முகர்ரர்! முகர்ரர்!' என்று கத்தும். திரும்பப் படி என்று அர்த்தம். படித்தவர் வலக்கையை நெற்றிக்குக் கொண்டுபோய்த் தலைகுனிய வேண்டும். அது ஆதாப், பாராட்டுக்குக் கவிஞர் சொல்லும் நன்றி. கொடி வரிக்கு நத்தர்ஷா ஆதாப் சொல்லும்போதெல்லாம், மேடையில் பக்கத்தில் இருக்கும் உஸ்தாத் கையைத் தூக்கிக் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார்.

தன் சொல்லுக்கு இன்னொருவன் நன்றி சொல்வதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்படிச் செய்கிறார் என்று நத்தர்ஷா முடிவு கட்டிவிட்டார். அவருக்கு உடம்பெல்லாம் கூசும்.

ஒருநாள் காலையில் உஸ்தாத் வீட்டுக்குப் போனார். உஸ்தாத் பன்னை டீயில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உஸ்தாத், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க பாய்."

"எனக்குத் திருத்தம் எப்ப முடியும்?"

"என்ன அவசரம்?"

"ஜனங்க பாராட்டுற வரியெல்லாம் உங்க கை பட்ட வரி. அப்ப நான் எழுதினது எது? தாய்மொழியும் இல்ல, வரியும் என்னுது இல்லன்னா, நான் எதுக்கு அந்த மேடையில ஏறணும்? மவுத்தாகறதுக்குள்ள ஒரு வரியாவது என்னுதுன்னு சொல்லிக்கணும் உஸ்தாத்."

உஸ்தாத் பன்னை முடித்தார். கையைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"என்னது இது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் படிக்கப்போற கஜல். திருத்திக் கொடுங்க."

"கிண்டல் பண்ணாதீங்க உஸ்தாத்."

"பேனா இருக்கா, நான் தரட்டுமா?"

ஞாயிற்றுக்கிழமை சாதாரண முஷாயிரா இல்லை. உஸ்தாத் கல்லூரியிலிருந்து ஓய்வு பெறுவதற்கான பாராட்டு விழா. அவர் வாழ்நாள் வேலையைப் பாராட்ட வெளியூர்ப் பேராசிரியர்கள் வருகிறார்கள். அதில் அவர் படிக்கப்போகும் கஜலில் கை வைப்பதா? நத்தர்ஷா தாளை வாங்கி, குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

முதல் அடிகளைப் பார்த்தார். தொடுவதற்கு ஒன்றும் இல்லை. அடுத்தது, அதிலும் இல்லை. நிம்மதியாக இருந்தது, ஒரு பக்கம் எரிச்சலாகவும் இருந்தது. பிறகு ஓர் இடத்தில் நின்றார்.

'ஆறு வற்றிவிட்டது, படகுக்காரன் கரையில் உட்கார்ந்து அழுகிறான்.'

நத்தர்ஷா காவிரிக் கரையில் வளர்ந்தவர். கோடையில் ஆறு மணலாகக் கிடக்கும்போது பரிசல்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, தாரைக் காய்ச்சி அடிப்பக்கம் பூசுவார்கள். அந்த வாசனை தெரு முழுக்க அடிக்கும். அழுது அவர் யாரையும் பார்த்ததில்லை.

பேனாவை எடுத்தார், வைத்தார். மறுபடி எடுத்தார். 'அழுகிறான்' என்பதை அடித்தார். சந்தம் உட்காருவதற்கு வெகுநேரம் ஆனது.

'ஆறு வற்றிவிட்டது, படகுக்காரன் கரையில் உட்கார்ந்து படகுக்குத் தார் பூசுகிறான்.'

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தார். உஸ்தாத் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டீ சாப்பிடுங்க பாய்."



விழா மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. முஷாயிராவில் சின்னவர்கள் முதலில் படிப்பார்கள், பெரியவர் கடைசியில். வயது கணக்கில் வராது, கவிதையில் எத்தனை வயது என்பதுதான் கணக்கு. அதனால் அறுபதைத் தாண்டிய நத்தர்ஷா தாடி முளைக்காத பையன்களோடு முதல் வரிசையில் படித்தார். புதுக் கஜல் ஒன்று பையில் இருந்தது. திருத்தாததைப் படிக்கக் கூடாது என்பதால் பழையதையே படித்தார். கொடி வரி வந்தது. முகர்ரர் வந்தது. ஆதாப் சொன்னார். உஸ்தாத் வழக்கம்போலக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மேடையில் சம்மணம் போட்டு உட்கார முழங்கால் ஒத்துழைக்காது. நத்தர்ஷா இறங்கி வந்து சபையில் நாற்காலி பிடித்துக்கொண்டார். பக்கத்தில் செருப்புக் கடை முனீர்.

கடைசியாக உஸ்தாத் படித்தார். ஒவ்வொரு அடிக்கும் பாராட்டு வந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர் கை நெற்றிக்குப் போய் வந்தது. 'பழையபடி மாத்தியிருப்பார். நம்ம சொல்லை யாராவது இந்தச் சபையில படிப்பாங்களா?' என்று நத்தர்ஷா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

'ஆறு வற்றிவிட்டது...' என்றார் உஸ்தாத். நிறுத்தினார். அதையே இன்னொரு முறை சொன்னார். சபை காத்திருந்தது.

'...படகுக்காரன் கரையில் உட்கார்ந்து படகுக்குத் தார் பூசுகிறான்.'

மண்டபம் எழுந்து நின்றது. வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் மைக்கைப் பிடுங்கி, "முப்பது வருஷப் படிப்பும் இந்த ஒரே வரியில இருக்கு!" என்று உருதில் முழங்கினார். முனீர் நத்தர்ஷாவின் தொடையில் ஓங்கி அறைந்தார்.

"பாத்தீங்களா பாய்? உஸ்தாத் உஸ்தாத்துதான்! நீங்களும் வருஷக்கணக்கா எழுதுறீங்களே, உங்களுக்கு இப்படி ஒரு வரி வருமா?"

"வராது," என்றார் நத்தர்ஷா, தேள் கொட்டிய திருடனைப் போல.

'அது என் வரி, என் காவிரி' என்று தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினார். முகர்ரர் முகர்ரர் என்று சபை விடாமல் கேட்டது. உஸ்தாத் திரும்பப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களை நத்தர்ஷா பார்த்தார். யாருக்கும் எதுவும் தெரியாது. தெரியாமலே அவர் சொல்லுக்கு அழுகிறார்கள். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் வந்து நிறைந்தது. மேடையேறித் தானே படித்து வாங்கிய எந்தப் பாராட்டிலும் அவருக்கு இப்படி இருந்ததில்லை.

மூன்றாம் முறை சபை ஆர்ப்பரித்தபோது அவருடைய வலக்கை தானாக எழுந்து நெற்றிக்குப் போனது. தலை குனிந்தது.

பாதியில் உணர்ந்து, பதறிப்போய், தொப்பியைச் சரிசெய்வதுபோல் கையை மேலே கொண்டுபோனார். முனீர் கவனிக்கவில்லை. நல்லவேளை என்று நிமிர்ந்தவர் மேடையைப் பார்த்தார். உஸ்தாத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உஸ்தாதின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

விழா முடிந்து மாலைகளையும் பொன்னாடையையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு இருவரும் நடந்தார்கள்.

"உஸ்தாத், என்னை மன்னிச்சுடுங்க. உங்க சபையில நான் ஆதாப் சொல்லிட்டேன். கை என் பேச்சைக் கேக்கல."

"பாத்தேன்."

"தொப்பியைச் சரிபண்ற மாதிரி சமாளிச்சேன்."

"அதையும் பாத்தேன். தொப்பி கோணலாப் போச்சு."

நத்தர்ஷா தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"நீங்க ஏன் அந்த வரிக்குக் கையைத் தூக்கல?"

"ஒரு வரிக்கு ரெண்டு பேர் ஆதாப் சொல்ற வழக்கம் இல்லையே பாய்."

டீக்கடை வந்தது. உஸ்தாத் இரண்டு டீ சொன்னார். டீ வரும் வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இனிமே உங்களுக்குத் திருத்தம் வேண்டாம்," என்றார், சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்வதுபோல.

இத்தனை வருஷமாக ஏங்கிய சொல். நத்தர்ஷா டம்ளரைக் கீழே வைத்தார். பையிலிருந்த புதுக் கஜலை எடுத்து உஸ்தாத் முன்னால் நீட்டினார்.

"இது எதுக்கு? விடுதலை கேட்டீங்களே?"

"கேட்டேன்."

"கொடுத்துட்டேனே."

"வாங்கிக்கிட்டேன். இதையும் பாருங்க." நத்தர்ஷா தயங்கினார். பிறகு மெல்லக் கேட்டார். "உஸ்தாத், கொடி வரிக்குச் சபை முகர்ரர் கேக்கறப்பெல்லாம் நீங்க கையைத் தூக்கிக் கண்ணாடியைச் சரிபண்ணுவீங்களே..."

உஸ்தாத் தாளை வாங்கிப் பிரித்து, கடை விளக்கின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"என் கண்ணாடி என்னைக்குமே சரியாத்தான் இருந்துச்சு பாய்."