கேட்டுக்கொண்டிருந்தவர்

"சாமி, மனசைக் கல்லாக்க ஒரு பயிற்சி சொல்லித் தாங்க."

வந்து உட்கார்ந்ததும் செண்பகவல்லி இதைத்தான் கேட்டாள்.

ஆற்றங்கரை மடத்துச் சாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உனக்கா?"

"எனக்கில்ல. எங்க ஆட்களுக்கு."

போலீஸ் காவலில் அடிபட்டவர்களுக்காக வழக்கு நடத்தும் சிறிய அமைப்பு அவளுடையது. ஊர் ஊராகப் போய், அடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டு, வாக்குமூலம் எழுதி வருவார்கள். கொஞ்ச காலமாக ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருந்தார்கள்.

"முதல்ல போனது யாரு?"

"சந்தியாகு அண்ணன். எங்கள்ல உறுதியான ஆளே அவர்தான். எந்தக் கொடுமையைச் சொன்னாலும் முகம் மாறாம கேட்பார். சில பேர் அவர்கிட்ட மட்டும்தான் வாயே திறப்பாங்க."

"அப்புறம்?"

"ஒருநாள், சோறு இறங்க மாட்டேங்குதுன்னார். கண்ணை மூடினா அவங்க கத்துறது கேக்குதுன்னார்."

"நீ என்ன சொன்ன?"

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்து ஒடித்தாள். மறுபடி ஒடித்தாள்.

"அடிபட்டவங்களை விடவா அண்ணே நமக்கு வலிக்குதுன்னேன்."

"அதுக்கு அவர்?"

"சரிதான்னார். மறுநாளும் வாக்குமூலம் எடுக்கப் போனார். அதுக்கப்புறம் தன்னைப் பத்தி எதுவுமே சொல்லல. கொஞ்ச நாள்ல வேலைக்கு வர்றதும் நின்னு போச்சு."

"போய்ப் பார்த்தியா?"

"கோர்ட்டு, விசாரணைன்னு ஓடிக்கிட்டே இருந்தேன் சாமி."

சாமியார் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டார்.

"போயிருக்கலாம்," என்றாள் அவள்.

"இப்ப எங்க இருக்கார்?"

"கடற்கரைப் பக்கம், தங்கச்சி வீட்டுல. யார்கிட்டயும் பேசுறதில்லன்னு சொல்றாங்க."

சாமியார் கீரையை முறத்தால் மூடிவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பயிற்சி ஒண்ணும் சொல்லலையே சாமி?"

"அந்த ஊருக்கு பஸ் இருக்கா?"

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உப்பளங்கள் தென்படத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மன்னிப்பு கேட்டா சரியாயிடுமா சாமி?"

"யாருக்கு?"

பஸ் நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள்.

தங்கை கதவைத் திறந்தாள். செண்பகவல்லியை அடையாளம் தெரிந்தும் "வாங்க" என்று சொல்லவில்லை. ஒதுங்கி மட்டும் நின்றாள்.

உள்ளே சந்தியாகு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தாடி மண்டிக் கிடந்தது. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே," என்றாள் செண்பகவல்லி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டென்று எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. ஆனாலும் விடாமல் முயன்றபடியே, பழைய பொறுமையான குரலில் கேட்டார்:

"எந்த ஊர்லம்மா? இப்ப யாரை அடிச்சிருக்காங்க?"