ஒற்றைக் கோடு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. நாய் குரைப்பதுபோல இருந்தது. ஆனால் அது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

மலையடிவாரத்துக் குழந்தைகள் இல்லத்தின் நர்ஸ் ஜெசிந்தா மாடிக்கு ஓடினாள். நான்கு வயது பேச்சி படுக்கையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். மூக்கு ஒழுகி உதடுவரை வந்திருந்தது. உடம்பு கொதித்தது. தூக்கிய கணத்தில் ஜெசிந்தாவின் முகத்திலேயே இருமினாள்.

பக்கத்து மருந்தறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே சிஸ்டர் பெனிட்டா இருந்தார். இல்லத்தின் டாக்டர் அவர். ஜெசிந்தா படித்த அதே கான்வென்ட்டில் ஒரு வகுப்பு கீழே படித்தவர். மூக்கிலிருந்து மாதிரி எடுக்க ஜெசிந்தாவுக்குக் கற்றுக்கொடுப்பவரும் அவர்தான். ஆனாலும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

சிஸ்டர் பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டார்.

"மூச்சு இழுக்கல. டெஸ்ட் எடுத்துடுங்க அக்கா. கிருமி இல்லைன்னா கைக்குழந்தைங்க ரூமுக்கே கொண்டு போகலாம், அங்கதான் ஹீட்டர் இருக்கு. இருந்தா இங்கேயே தனியா வைக்கணும். கூட நீங்க இருக்கணும்."

சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் போனார்.

கைக்குழந்தைகள் அறையில் ஜெசிந்தாவின் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் தலை நிற்காதவன்.

ஜெசிந்தா வெந்நீரில் துணி நனைத்துப் பேச்சியின் முகத்தைத் துடைத்தாள். மூக்கைச் சிந்த வைத்தாள். மறுபடியும் துடைத்தாள். பிறகுதான் பஞ்சு சுற்றிய டெஸ்ட் குச்சியை எடுத்தாள். பிள்ளை அலறியது.

"முடிஞ்சுது கண்ணு, முடிஞ்சுது."

மூக்கு நுனியில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள். டெஸ்ட் பட்டையில் ஒரு கோடு வந்தது. கிருமி இருந்தால் வரும் இரண்டாவது கோடு வரவில்லை.

"மாதாவே" என்றாள்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது பேச்சி போர்வைக்குள் சுருட்டப்பட்டு அவள் தோளில் இருந்தாள்.

"இல்லை சிஸ்டர். ஒரு கோடுதான். கொண்டு போகட்டுமா?"

சிஸ்டர் பட்டையைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தார்.

"முகம் பளிச்சுன்னு இருக்கே."

"துடைச்சேன். ஒழுகுற மூக்கோடவா டாக்டர்கிட்ட காட்டுறது?"

"கைக்குட்டை இன்ஸ்பெக்ஷன் உங்களுக்கு இன்னும் முடியலையா? ஸ்கூல் அசெம்பிளியில கைக்குட்டை இல்லைன்னு என் பேரை எழுதிக்கொடுத்தவங்கதானே நீங்க!"

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "கொண்டு போகட்டுமா சிஸ்டர்?"

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தார்.

"எனக்கு ஒண்ணு எடுங்க."

"உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"எடுங்க."

பிள்ளையை இறக்கிவிட்டுப் புதுக் குச்சியைப் பிரித்தாள். இம்முறை அவள் கை தயங்கவில்லை. கற்றபடியே, மேல்நோக்கிப் போகாமல் மூக்கின் அடிப்புறத்தை ஒட்டி நேராக உள்ளே விட்டாள். தட்டியதும் நிறுத்தினாள். மெல்லச் சுழற்றி, கொஞ்சம் பொறுத்து எடுத்தாள். சிஸ்டரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. குச்சியின் பஞ்சு நனைந்து பிசுபிசுத்தது.

அதற்கும் ஒரு கோடுதான்.

சிஸ்டர் இரண்டு பட்டைகளையும் மேசையில் அருகருகே வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணா அக்கா?"

"ரெண்டுலயும் ஒரு கோடு."

"எந்தக் குச்சி எவ்வளவு தூரம் உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து இல்லைங்குது?"

ஜெசிந்தா பேச்சியைப் பார்த்தாள்.

"அவ அழுவா சிஸ்டர்."

"அழுவா."

பேச்சிக்கு மறுபடியும் மூக்கு ஒழுகியிருந்தது. ஜெசிந்தாவின் கை துணியைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பேச்சி உதைத்தாள், "நீ வேணாம் போ!" என்று கத்தினாள். குச்சி போக வேண்டிய தூரம் போயிற்று.

நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு கோடுகள் வந்தன.

சிஸ்டர் அங்கியை மாற்றினார், கையைக் கழுவினார், புது மாஸ்க் போட்டுக்கொண்டார்.

"கைக்குழந்தைங்களை நான் பார்த்துக்கறேன். உங்க பையனுக்குப் பாலைப் பிழிஞ்சு வாசல்ல வைங்க."

அவர் வெளியே போகவும் கீழே ஒரு குழந்தை அழவும் சரியாக இருந்தது. எந்தக் குழந்தை என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பால் கசிந்து அவள் ரவிக்கை நனைந்தது. கதவருகே வந்துவிட்டாள்.

"சிஸ்டர்! நானும் ஒண்ணு எடுத்துப் பார்த்துக்கறேனே. ஒரு நிமிஷ வேலை. இல்லைன்னு வந்தா நானே கீழே போய்..."

சிஸ்டர் படியில் நின்று திரும்பினார்.

"எடுங்க அக்கா. ஆமான்னு வந்தா நம்புவீங்க. இல்லைன்னு வந்தா?"

அழுகை கூடிக்கொண்டே போனது. ஜெசிந்தா, பேச்சி இருமிய தன் முகத்தைத் தொட்டாள். கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டாள்.