கல்லில் இடம் கேட்ட கழுதை

அந்தக் காலத்தில் கழுதை வாய் திறந்து பேசினால் யாரும் வியக்கமாட்டார்கள். ஓயாமல் பேசுகிறதே என்று அலுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கூகைமலை அடிவாரத்தில் உப்பு விற்ற விருமாயியிடம் சிலம்பாயி என்று ஒரு கழுதை இருந்தது. அதன் வாயைச் சொல்லவே வேண்டாம்!

ஒருநாள் இருவரும் உப்பு மூட்டையோடு மலையேறும்போது, வழியில் இரண்டு வெள்ளைக்காரத் துரைகள் உட்கார்ந்திருந்தார்கள். மலையைக் கடக்க வழி கண்டுபிடிக்க வந்தவர்களாம். மூன்று நாளாக ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, கொண்டுவந்த ரொட்டியும் தீர்ந்து, முகம் வாடிக் கிடந்தார்கள்.

“இந்த முள் பொய் சொல்லாது!” என்று பெரிய துரை திசைகாட்டியைத் தட்டினார்.

“அது வடக்கைத்தான் காட்டும் துரை, வழியைக் காட்டுமா? நான் காட்டுறேன். ஆனா சும்மா இல்லை,” என்றது சிலம்பாயி. “ஊரில் யாரைத் திட்டணும்னாலும் கழுதைன்னுதான் திட்டுறாங்க. கேட்டுக் கேட்டு மனசு வெந்துபோச்சு. ஒரு இடத்திலாவது என் பேர் மரியாதையா இருக்கணும்.”

“இங்கே ஒரு கல் நடுவோம். எங்கள் பேரோடு உன் பேரும் இருக்கும். சத்தியம்!” என்றார் சின்ன துரை.

பொழுது சாய்வதற்குள் சிலம்பாயி அவர்களை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டது.

மறு வருஷம் சாலை வந்தது, கல்லும் வந்தது. சிலம்பாயி குளித்து, கழுத்தில் மணி கட்டிக்கொண்டு, முதுகில் உப்பு மூட்டையுமாக விருமாயியோடு பார்க்கப் போனது. இருவருக்கும் எழுத்து தெரியாது. கல் கொத்திய மாசிலாமணி ஆசாரி படித்துக் காட்டினார். பெரிய துரை பேர், அவர் பட்டம். சின்ன துரை பேர், அவர் பட்டம். அடியில், ‘இம்மலையை முதன்முதலில் கடந்தவர்கள்.’

“அடப்பாவிகளா! அப்போ நான் வாராவாரம் கடந்தது எதையாம்?” என்று விருமாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சிலம்பாயி சிரிக்கவில்லை. “என் பேர் எங்கே?”

“நானும் கேட்டேன் தாயி,” என்றார் ஆசாரி. “பட்டத்துக்கே கல் பத்தலை, கழுதைக்கு இடமில்லைன்னுட்டாங்க.”

சிலம்பாயிக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “இடம்தானே இல்லை? நானே பண்ணிக்கிறேன்!” என்று, வியர்வையில் நனைந்த உப்பு மூட்டையோடு எழுத்துகளின் மேல் சாய்ந்து, தேய் தேய் என்று தேய்த்தது. போகும்போது ஒரு தேய்ப்பு, வரும்போது ஒரு தேய்ப்பு. குட்டிகளுக்கும் சொல்லி வைத்தது.

அன்று தொடங்கியதுதான், சாலையோரக் கல்லைக் கண்டால் கழுதைகள் இன்றும் முதுகைத் தேய்க்காமல் நகர்வதில்லை. கூகைமலைக் கல்லைப் போய்ப் பாருங்கள், வழவழவென்று இருக்கிறது. பெரிய துரையும் இல்லை, சின்ன துரையும் இல்லை. சிலம்பாயி பேருக்கு இடம் தாராளமாக இருக்கிறது.