விரிசல் விட்டது யார்?

ஒரு காலத்தில் மலைக்கு அடியில் ஒரு களிமண் பாறை இருந்தது. அப்பளக் கட்டு போல அடுக்கடுக்காக, ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொண்டு, யார் வம்புக்கும் போகாமல் கிடந்தது.

அந்தப் பாறைக்குள் சுரங்கப்பாதை போட ஒரு துளைக்கும் இயந்திரம் வந்தது. அகோரப் பசி அதற்கு. பின்னாலேயே சில ஆட்கள் உடைந்த மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கூரையாகிவிட்ட அடுக்குக்கு இடுப்பு ஒடிந்தது. "ஏப்பா, கொஞ்சம் நில்லு," என்றது. "கீழயிருந்து என்னைத் தாங்கினவன நீ தின்னுட்ட. மலை மொத்தமும் இப்ப என் முதுகுல. வாசல்ல கிடக்குற இரும்பு வளைவ உள்ள கூப்பிட்டு எனக்கு முட்டு குடு. அப்புறம் போ."

"அவன் வந்து நிக்கிறதுக்குள்ள நான் பத்தடி போயிடுவேன்," என்றது இயந்திரம். "பாறைன்னு பேர வச்சுக்கிட்டு இப்படிப் புலம்புறியே."

இந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காலை வாரிவிட்டவனே 'ஒழுங்காக நிற்கத் தெரியாதா' என்று கேட்டால் அதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

"நான் தயாராத்தான் இருக்கேன். தூக்கிட்டு வர ஆள் அனுப்புங்க," என்று இரும்பு வளைவு வாசலிலிருந்து கத்தியது. இயந்திரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கூரை அடுக்கு வளையத் தொடங்கியது. மேலிருந்த அடுக்கிடம் சொன்னது: "இனி தாங்காது. சத்தமில்லாம மொத்தமா விழுந்தா கீழ இருக்குறவங்க செத்துருவாங்க."

"அப்ப முதல்ல ஓரமா உடை. நல்லா சத்தமா உடை. மிச்சத்த நாம கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிப்போம்," என்றது மேலடுக்கு.

படீரென்று வெடித்தது. மண் அள்ளிக்கொண்டிருந்த சுடலைமுத்துவின் தோளில் ஒரு சில்லு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

"போட்டது போட்டபடி கிடக்கட்டும்ல. எல்லாரும் வெளிய ஓடுங்க."

ஓடினார்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்டிய பிறகு கூரை விழுந்து இயந்திரத்தை மூடியது.

வெளியே பொறியாளர் அருள்ராஜ் மேலதிகாரிக்கு போன் போட்டார். "ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். மிஷின்தான் மாட்டிக்கிச்சு. பாறை விரிசல் விட்டுடுச்சு. மட்டமான பாறை சார், நாம என்ன பண்றது?"

இரும்பு வளைவுக்குக் கேட்கவே கூசியது. "கேட்டியா? விரிசல் விட்டது நீயாம்," என்றது உள்ளே பார்த்து.

"விரிசல் என்ன பட்டமா, நான் நூலப் பிடிச்சு விடுறதுக்கு?" உடைந்த அடுக்கு ஆத்திரத்தோடு கேட்டது. "நான் விட்டது அவனோட ஆளுங்களத்தான். உசிரோட."